ஆன் எபேர்: கையில் ஒரு குருட்டு வல்லூறு – படித்தவர்கள் வாருங்கள்

#1 வடகரை

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக ஒரே ஓர் எழுத்தாளரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆன் எபேர். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1916இல் பிறந்தவர், பிரெஞ்சில் எழுதியவர், 2000 ஜனவரியில் மொன்றியலில் மறைந்தார். எழுத்தைப் பார்த்தால் ‘ஹெபர்ட்’ என்று படிக்கத் தோன்றும். பிரெஞ்சில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒலிக்காது.

நான் தொடங்கியது ‘கமுராஸ்கா’ நாவலில். 1970இல் வந்தது. நார்மன் ஷபீரோ செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். கியூபெக் நகரத்தில் பார்லுவார் தெருவில் ஒரு வீடு. நோட்டரி ஜெரோம் ரொலான் சாகக் கிடக்கிறார். அவர் மனைவி எலிசபெத் பக்கத்தில் இருந்து சர்க்கரைக் கட்டியில் மருந்துச் சொட்டுகளை எண்ணி விடுகிறாள். ஒரு சொட்டு கூடினால் ஆபத்து. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏனென்றால் அவளுடைய முதல் கணவன் கொலையுண்டவன், அந்தக் கொலையில் அவள் மேல் வழக்கு நடந்தது. பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய பிறகும் அந்தக் கை மேல் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. இதைவிட ஒரு நல்ல தொடக்கத்தை நான் சமீபத்தில் படிக்கவில்லை.

ஆனால் இரண்டு முறை புத்தகத்தை மூடி வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பத்தியில் ‘அவள்’ என்று ஆரம்பித்து ‘நான்’ என்று முடிகிறது. வாக்கியங்கள் பாதியில் உடைகின்றன. மூன்று சொல், முற்றுப்புள்ளி. இரண்டு சொல், முற்றுப்புள்ளி. மூன்றாவது முறை இரவில் ஒரே மூச்சாக உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது: கதை முழுவதும் அந்தப் படுக்கையருகில் கண்ணயர்ந்த ஒருத்தியின் தலைக்குள் ஓடுகிறது.

இவர் முதலில் கவிஞராம். கவிதைகளைப் படித்தவர் யாராவது இருக்கிறீர்களா? நாவலில் தொடங்கியது தப்பா?

#2 புதுவைக்காரி

வடகரை, தப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் இரண்டு முறை மூடி வைத்ததற்குக் காரணம் அதுதான். இந்த நாவல் கவிதையிலிருந்து வந்தது. 1953இல் வெளிவந்த ‘அரசர்களின் கல்லறை’ தொகுப்பைப் படித்துவிட்டு வந்திருந்தால் அந்த உடைந்த வாக்கியங்கள் உங்களைத் தடுத்திருக்காது. அதே மூச்சு, அதே இடைவெளி.

நான் புதுச்சேரியில் பல வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள். வகுப்பில் இந்தத் தொகுப்பின் தலைப்புக் கவிதையை எடுப்பேன். சொற்கள் எளியவை, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே அகராதி அதிகம் வேண்டியிராது. ஆனால் முதல் இரண்டு வரியிலேயே ஒரு வகுப்பு முழுக்கப் போய்விடும். சொல்லுக்குச் சொல் வைத்தால் இப்படி வரும்:

என் இதயம் என் முஷ்டியில்.
ஒரு குருட்டு வல்லூறு போல.

வல்லூறு வைத்து வேட்டையாடுகிறவர்கள் தோல் உறை மாட்டிய கையை மடக்கி அதன் மேல் பறவையை உட்கார வைப்பார்கள். பறக்க விடும்வரை தலையில் ஒரு சிறிய மூடி போட்டுக் கண்ணை மறைத்திருப்பார்கள். அந்தப் படம்தான் இது. இதயத்தைக் கையில் ஏற்றிக்கொண்டு ஒரு பெண் பூமிக்கடியில் அரசர்களின் கல்லறைக்கு இறங்குகிறாள். கருங்காலி மரத்தில் செய்தது போன்ற ஏழு பாரோக்கள், பழைய எகிப்திய அரசர்கள், கீழே காத்திருக்கிறார்கள்.

‘முஷ்டி’ என்பதற்கு அங்கே இருக்கும் சொல்லை இன்னோர் இடத்திலும் பிரெஞ்சில் வைப்பார்கள்: வாளைக் கையில் பிடித்தபடி, துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி. ஆக, இதயம் அங்கே ஓர் ஆயுதமும்தான். கவிதை முழுவதும் இந்த இரண்டு பொருளும் கூடவே வருகின்றன.

#3 சாரல்

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

‘கமுராஸ்கா’வும் ‘பாசான் பறவைகள்’ நாவலும் படித்திருக்கிறேன். எழுத்து வலிமையானது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே கொலை, வதை, பூட்டிய அறை, பனி, ரத்தம். அதுவும் கொல்லப்படுகிறவர்களைச் சுற்றி அவ்வளவு அழகான வாக்கியங்கள். எனக்கு அது நெருடுகிறது. இன்னொன்று, 1954இல் உதவித்தொகையோடு பாரிஸ் போனவர், பிறகு அங்கேயே குடியேறி முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். 1960களில் கியூபெக் தலைகீழாக மாறியது. பள்ளியும் மருத்துவமனையும் திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்குப் போயின. அந்தக் காலத்தில் இவர் பாரிஸில் உட்கார்ந்து 1839ஆம் வருடக் கொலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து ஊரைப் பார்த்தால் ஊர் எப்போதுமே புராணம் மாதிரித்தான் தெரியும்.

#4 வடகரை

சாரல், பாரிஸ் பற்றிச் சொன்னதை யோசிக்கிறேன். ஆனால் ‘பாய்ச்சல்’ கதையை விட்டுவிட்டீர்கள். அதை எழுதியது 1945இல், கியூபெக்கில் இருந்தபோது. அப்போது அங்கே பாதிரியாரைக் கேட்காமல் ஒரு புத்தகம் வீட்டுக்குள் வராது.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரான்சுவா என்ற பையன். கல்யாணம் ஆகாமல் அவனைப் பெற்றவள் குளோதின். தன் பாவத்துக்குப் பரிகாரமாக அவனைப் பாதிரியாராக்குவது என்று முடிவு செய்துவிட்டாள். ஆளரவமற்ற பண்ணை, தாயும் மகனும் மட்டும். ஒருநாள் அவன் பாதிரியார் படிப்புக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்கிறான். அவள் கையிலிருந்த சாவிக்கொத்தால் அவன் தலையில் அடிக்கிறாள். அவனுக்குக் காது போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவன் தலைக்குள் கேட்பது பக்கத்தில் பாயும் காட்டாற்றின் இரைச்சல் ஒன்றுதான்.

அடித்த பொருள் சாவிக்கொத்து என்பதைக் கவனியுங்கள். தடியோ கல்லோ எழுதியிருக்கலாம். வீட்டின் எல்லாப் பூட்டையும் வைத்திருக்கிற பொருளால் அடிபட்டு அவன் காது பூட்டிக்கொள்கிறது.

கதையின் முதல் வரி: ‘உலகம் பறிக்கப்பட்ட குழந்தையாக நான் இருந்தேன்.’ பின்னாளில் கியூபெக் வாசகர்கள் அந்த வரியில் ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றையே படித்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் பதிப்பகங்கள் இந்தக் கதையைத் தொடவில்லை. வன்முறை அதிகம் என்றார்கள். 1950இல் சொந்தச் செலவில்தான் தொகுப்பு வந்தது. ‘அரசர்களின் கல்லறை’யும் அப்படித்தான்; நாவலாசிரியர் ரொஜே லெமலென் பணம் கொடுத்து உதவியிருக்காவிட்டால் 1953இல் வந்திருக்காது. ஊரில் கதவு திறக்காதவர் வெளியே போனார். 1958இல் ‘மர அறைகள்’ நாவல் பாரிஸில் சொய் பதிப்பகத்தில் வந்தது, அதன் பிறகு அவருடைய முக்கிய நாவல்கள் அங்கேதான் வந்தன. இதைப் போய் ஊரை விட்டு ஓடியதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#5 மொன்றியல்வாசி

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து முப்பது வருசத்துக்கு மேலாக மொன்றியலில் இருக்கிறேன். இங்கே குடியேறினவர்களின் பிள்ளைகள் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேணும். என்ரை மகளும் அப்படித்தான் படித்தவள். கல்லூரிக்கு முந்தின படிப்பில் ‘கமுராஸ்கா’ அவளுக்குப் பாடம். அவள் படித்துவிட்டு மேசையில் வைத்ததை எடுத்து நானும் அகராதியோடு படித்தேன். நான் பிரெஞ்சில் முழுசாகப் படித்து முடித்த முதல் நாவல் அது. ஏழு மாசம் எடுத்தது.

கமுராஸ்கா உண்மையான ஊர். கியூபெக் நகரத்திலிருந்து சென் லோரன்ஸ் ஆற்றின் தென்கரையோடு கிழக்கே போகவேணும். ஆறு அங்கே கடல் மாதிரி அகலம், தண்ணீரும் உப்பு. மாரியில் ஒருக்கால் மகளோடு போனேன். கரைக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே தெரியாது, எல்லாம் வெள்ளை. காற்று முகத்தில் அடித்தால் கண் தானாக மூடும். எலிசபெத்தின் காதலன் மருத்துவர் நெல்சன் குதிரைச் சறுக்குவண்டியில் தனியாகக் கொலை செய்யப் போகிற அத்தியாயங்களை அதுக்குப் பிறகு திருப்பிப் படித்தேன். சொரேல் ஊரிலிருந்து கமுராஸ்காவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். வழி நெடுகச் சத்திரங்கள். திரும்பி வரும்போது வண்டியில் ரத்தம் உறைந்து கிடக்கிறது. சத்திரக்காரர்கள் பார்க்கிறார்கள். எலிசபெத் அந்தப் பயணத்தில் இல்லை, சொரேலில் காத்திருக்கிறாள். ஆனால் வழி முழுக்க அவள் கண்ணால்தான் நாங்கள் பார்க்கிறோம். அங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

#6 கடலோரம்

இந்தக் கொலை நிஜமாகவே நடந்ததுதானே?

#7 வடகரை

நடந்தது, கடலோரம். 1839 ஜனவரி 31. கமுராஸ்காவின் நிலக்கிழார் அசில் தாஷே. கொன்றவர் ஜார்ஜ் ஹோம்ஸ் என்ற மருத்துவர், தாஷேயின் மனைவி எலியொனோரின் காதலர். முதலில் ஒரு வேலைக்காரப் பெண்ணிடம் விஷம் கொடுத்து அனுப்பினார்கள், பலிக்கவில்லை. அப்புறம் ஹோம்ஸ் தானே போனார். கொன்றுவிட்டு எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ஓடினார். அவரைத் திருப்பி அனுப்பவே இல்லை. எலியொனோர் 1841இல் விசாரிக்கப்பட்டு விடுதலையானார், பிறகு ஒரு நோட்டரியை மணந்தார்.

ஆன் எபேரின் தாயார் பெயர் மார்கரித் தாஷே. அதே குடும்பப் பெயர். ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன்பே இந்தக் கதை அவர் வீட்டுக்குள் இருந்தது.

நாவலில் மருத்துவரின் பெயரை நெல்சன் என்று மாற்றியிருக்கிறார். 1837–38இல் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய கிளர்ச்சியின் தலைவர்களில் இரண்டு பேர் வோல்ஃப்ரெட் நெல்சன், ராபர்ட் நெல்சன். அண்ணன் தம்பி, இருவருமே மருத்துவர்கள். கிளர்ச்சியை நேராக எங்கும் விவரிக்காமல் ஒரு பெயரில் வைத்துவிட்டுப் போகிறார். குற்றப்பத்திரிகையும் நாவலில் ஆங்கிலத்தில்தான் ஒலிக்கிறது. காதலித்தது பிரெஞ்சில், நினைப்பது பிரெஞ்சில், குற்றவாளி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் அரசியின் மொழியில். சாரல், 1839ஐ எழுதினார் என்றீர்களே, அந்த 1839க்குள் இது எல்லாம் இருக்கிறது.

#8 சாரல்

அந்த ஆங்கிலக் குற்றப்பத்திரிகை என் கண்ணில் படவில்லை. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. எல்லாமே ஆங்கிலமாக இருக்கும்போது அந்த ஓர் ஆங்கிலம் எப்படித் தனியாகத் தெரியும்? சரி, இந்த இடத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

கொலையுண்டவர்களைச் சுற்றி அழகு என்று சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

#9 புதுவைக்காரி

அந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல ஆள் வருவார்கள். நான் மொழிபெயர்ப்புக்கு வருகிறேன்.

‘அரசர்களின் கல்லறை’யை ஆங்கிலத்தில் தந்தவர் எஃப். ஆர். ஸ்காட். மொன்றியல் கவிஞர், மெக்கில் பல்கலைக்கழகத்தில் அரசியல் சட்டப் பேராசிரியர். தான் செய்ததை எபேருக்கு அனுப்பினார். அவர் வரிவரியாகக் கருத்து எழுதி அனுப்பினார். ஸ்காட் திருத்தினார். அந்தக் கடிதங்களும் வரைவுகளும் 1970இல் தனிப் புத்தகமாகவே வந்தன. ஒரு கவிதை, அதைச் சுற்றி ஒரு முழுப் புத்தகம். இரண்டு பேருமே அவ்வளவு பொறுமைசாலிகள். மொழிபெயர்ப்பில் இறங்குகிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய புத்தகம்.

அதைப் படித்த நாளிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி: தமிழில் இது எப்படி வரும்? முதலிரண்டு வரிக்கு நான் மேலே எழுதியது சரியில்லை. ‘முஷ்டி’ என்றாலே நமக்குக் குத்துச்சண்டை நினைவு வருகிறது. நீங்கள் முயன்று பாருங்களேன்.

#10 வடகரை

என் முயற்சி:

குருட்டு வல்லூறைப் போல
என் நெஞ்சைக் கையில் பிடித்திருக்கிறேன்.

#11 புதுவைக்காரி

வடகரை, இரண்டு சிக்கல். ஒன்று, தமிழில் உவமை முன்னால் வந்து நிற்கப் பார்க்கும், அது நம் இயல்பு. ஆனால் அவர் முதல் வரிக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். இதயம் கையில் இருக்கிறது, அவ்வளவுதான், செய்தி முடிந்தது. பிறகுதான் பறவை வருகிறது, தனி வாக்கியமாக. பறவையை முன்னால் கொண்டுவந்தால் அந்த அதிர்ச்சி போய்விடும்.

இரண்டாவது, ‘கையில் பிடித்திருக்கிறேன்’ என்றதும் நமக்கு ‘உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு’ நினைவு வருகிறதா இல்லையா? அது பயந்து ஓடுகிறவர்களுக்குச் சொல்வது. இவள் ஓடவில்லை, இறங்குகிறாள், தானாகவே இறங்குகிறாள்.

#12 கடலோரம்

‘ஏந்தி’ என்று வைத்தால்? விளக்கேந்தி, வாளேந்தி, பிள்ளையை ஏந்தி, எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் உண்டு. ஆயுதமும் வரும், பறவையும் வரும்.

கையில் ஏந்தியிருக்கிறேன் நெஞ்சை.
கண்ணில்லா வல்லூறு போல.

சாரலுக்கும் பதில் எழுதுகிறேன், இரவில் வருகிறேன். பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டும்.

#13 புதுவைக்காரி

‘ஏந்தி’! இத்தனை வருடம் எனக்கு இது தோன்றவில்லை. வகுப்பில் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னும் கொஞ்சம் கீழே இரண்டு வரி இருக்கிறது. கல்லறைக்கு இறங்கும்போது அவள் எப்படி இருக்கிறாள் என்பதற்கு ஒரு வரிக்கு ஒரு சொல், மூன்று சொல், அவ்வளவுதான். ‘திகைத்து’, ‘பிறந்ததும் பிறவாததுமாக’. பிரெஞ்சில் இரண்டும் ஒரே ஒலியில் முடிகின்றன. அதோடு இரண்டுமே பெண்பால் வடிவம். கவிதை எங்கேயும் ‘நான் ஒரு பெண்’ என்று சொல்வதில்லை. இந்த விகுதியில்தான் அது தெரிகிறது. ஆங்கிலத்துக்கு விகுதி இல்லாததால் அங்கே அது நின்றுவிடுகிறது. அது ஸ்காட்டின் குற்றமில்லை.

தமிழுக்கு விகுதி இருக்கிறது. என்ன செய்யலாம்?

#14 மொன்றியல்வாசி

எங்கட அம்மம்மா சின்னப் பிள்ளைகள் பெரிய கதை கதைத்தால் ‘பிறந்த ஈரம் இன்னும் காயேல்லை’ என்று சொல்லுவா. அது இங்கே பொருந்துமோ?

திகைத்தவள்,
ஈரம் காயாதவள்.

#15 புதுவைக்காரி

பொருந்துமோவா! பெண்பால் வந்துவிட்டது, இரண்டு வரியும் ஒரே ஒலியில் முடிகின்றன, பிறந்த குழந்தையும் இருக்கிறது. பூமிக்கடியில் போகிறவளுக்கு ‘ஈரம்’ இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. உங்கள் அம்மம்மாவுக்கு என் வணக்கம்.

#16 கடலோரம்

வந்துவிட்டேன். சாரல், உங்கள் கேள்வி நியாயமானது. நானும் அதே நெருடலோடுதான் ‘பாசான் பறவைகள்’ நாவலை எடுத்தேன். 1982இல் வந்தது, பிரான்சின் ஃபெமினா விருது பெற்றது. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: கிரிஃபின் கிரீக் என்று ஒரு கற்பனைக் கடலோரக் கிராமம். ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டன்ட் மக்கள், அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்று வடக்கே வந்தவர்களின் வம்சம். 1936 ஆகஸ்ட் 31 இரவு, நோரா, ஒலிவியா என்று இரண்டு பெண்கள், ஒன்றுவிட்ட சகோதரிகள், காணாமல் போகிறார்கள். கொன்றவன் அவர்கள் உறவுக்காரன் ஸ்டீவன்ஸ்.

நாவலின் தலைப்பில் இருப்பது பெரிய வெள்ளைக் கடற்பறவை. உயரத்திலிருந்து கடலுக்குள் செங்குத்தாகப் பாய்ந்து மீன் பிடிக்கும். பிரெஞ்சில் அதன் பெயரிலேயே ‘பைத்தியம்’ என்ற சொல் இருக்கிறது. வீட்டுக்கு வீடு சொந்தம் கொண்டாடி மூச்சு முட்டிக் கிடக்கிற அந்த ஊரின் ஆண்களுக்கும் அந்தப் பெயர்தான்.

கதையைப் பல பேர் சொல்கிறார்கள். ஊர்ப் பாதிரியார் சொல்கிறார், தன் பங்கை மறைத்து மறைத்து. கொலைகாரன் கடிதமாக எழுதுகிறான். நோரா சாவதற்கு முன்னால் வரை சொல்கிறாள். கொலைகாரனுடைய தம்பி பெர்சிவலும் சொல்கிறான்; புத்தி வளராதவன் என்று ஊர் ஒதுக்கியவன், ஊரிலேயே உண்மையாக அழுகிறவன் அவன்தான். அதற்குப் பிறகு ஒலிவியா வருகிறாள். அவள் செத்துவிட்டாள், கடலில் இருக்கிறாள். அலையேற்றத்தோடு ஊருக்கு வந்து ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்துவிட்டு இறக்கத்தோடு திரும்பிப் போகிறாள். அம்மா தேய்த்து மடித்து வைக்கும் துணி, அடுப்பு, தோட்டம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கொலை மட்டும் அவள் வாயிலிருந்து வராது. சொல்ல மறுத்துவிடுகிறாள். அந்த இரவை முழுதாகச் சொல்வது கடைசியில் கொலைகாரனின் கடிதம்தான், 46 வருடம் கழித்து. அவனை நீதிமன்றம் விட்டுவிட்டது என்பதும் அந்தக் கடிதத்தில்தான் தெரிகிறது.

எந்தப் பக்கத்தில் அழகு இருக்கிறது, எந்தப் பக்கத்தில் இல்லை என்று பார்த்தேன். ஒலிவியாவின் பக்கங்கள் அழகானவை, ஏனென்றால் அங்கே அவள் யார் கைக்கும் எட்டாதவள். கடைசிக் கடிதத்தில் கழுத்து நெரிபடும் இடத்தில் அழகு கிடையாது. அன்றைக்குக் காற்று வீசியது என்று அவன் சாதிக்கிறான். அன்று இரவு காற்றே இல்லை, கடல் அமைதியாக இருந்தது என்று ஊர் சொல்கிறது. அழகான புயலை நாவலாசிரியர் அவன் வாயில் வைத்துவிட்டு, அது பொய் என்று மற்றவர்களைச் சொல்ல வைக்கிறார். நீங்கள் கேட்ட கேள்வியை அவரே புத்தகத்துக்குள் கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

#17 சாரல்

கடலோரம், அந்தக் காற்று விஷயத்தை நான் இயற்கை வருணனை என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது, இந்த வாரம் மறுபடி எடுக்கிறேன். ‘கமுராஸ்கா’ விஷயத்தில் என் நெருடல் அப்படியே இருக்கிறது. அங்கே செத்துப்போனவனுக்குக் குரலே இல்லை. குடிகாரன், மனைவியை அடிக்கிறவன், சரி. ஆனாலும் பனியில் கிடந்தவன் அவன்தான்.

#18 வடகரை

அதை மறுக்க மாட்டேன். கொலையுண்ட கணவன் அந்துவான் தாசிக்கு அந்த நாவலில் இடம் குறைவுதான்.

ஆனால் எலிசபெத்தையும் நாவல் விட்டுவிடவில்லை. கடைசிப் பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி. வறண்ட வயலில் கல்லுக்கடியிலிருந்து ஒரு கறுத்த பெண்ணைத் தோண்டி எடுக்கிறார்கள். ஏதோ ஒரு பழைய காலத்தில் உயிரோடு புதைத்தவள், இன்னும் உயிரோடு இருக்கிறாள். ஊரே பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. அது கனவு. கண் திறந்தால் கணவருக்குக் கடைசிப் பூசுதல், சாகக் கிடப்பவருக்குப் பாதிரியார் எண்ணெய் பூசும் சடங்கு, நடந்து முடிந்திருக்கிறது. எலிசபெத் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஐயா மேல் அம்மாவுக்கு எவ்வளவு அன்பு பாருங்கள், எப்படி அழுகிறார்கள் என்று யாரோ சொல்வதோடு நாவல் முடிகிறது. அந்த அழுகை எதற்கு என்று நமக்குத் தெரியும், அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. விடுதலையானவளுக்கு அவர் கொடுத்த தண்டனை அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

#19 மொன்றியல்வாசி

படமும் இருக்கிறது, பார்த்தீர்களோ? குளோத் ஜூத்ரா இயக்கினது, 1973. எலிசபெத்தாக ஜெனவீவ் பூஜோல். அந்தப் பனி வெளியைப் பார்க்கிறதுக்காகவே பார்க்கலாம். ஆனால் ‘நான்’ ‘அவள்’ மாறுகிறதைக் கமராவால் செய்ய முடியேல்லை.

எபேர் 1990களின் கடைசியில் மொன்றியலுக்கே திரும்பி வந்துவிட்டா. கடைசி நாவல் 1999இல் வந்தது, அடுத்த ஜனவரியில் போய்விட்டா. 83 வயசு. நான் அப்ப இதே நகரத்தில்தான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். இப்படி ஒராள் இருக்கிறா என்றே தெரியாது. அது இன்னும் மனசில் கிடக்கிறது.

#20 கடலோரம்

அவருடைய இளம் வயதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கவிஞர் சென்-தெனி கர்னோ அவருக்கு உறவு என்று எங்கோ படித்தேன்.

#21 புதுவைக்காரி

ஆமாம், உறவுக்காரப் பையன், அவரைவிட நான்கு வயது மூத்தவர். கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் சென்-கத்ரீன் என்ற ஊரில் கோடைக்காலத்தில் இரண்டு குடும்பமும் இருக்கும். 1937இல் கர்னோ ஒரே ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார், வரவேற்பு இல்லாமல் மனம் ஒடுங்கிப் போனார். 1943 அக்டோபரில் அந்த ஊரிலேயே இறந்தார், 31 வயதில். எபேரின் முதல் தொகுப்பு அதற்கு முந்தைய வருடம்தான் வந்திருந்தது. அடுத்து 1952இல் தங்கை மாரியும் இறந்தார். மறுவருடம் ‘அரசர்களின் கல்லறை’. இறங்கிப் போகிற அந்தப் பெண் யாரைப் பார்க்கப் போனாள் என்று கேட்டால், எனக்கு இந்த இரண்டு பேரும் நினைவுக்கு வருவார்கள்.

வீட்டில் அப்பா மோரிஸ் எபேர் இலக்கிய விமர்சகர். ஆன் பள்ளிக்குப் போனதே பதினொரு வயதுக்குப் பிறகுதான், அதுவரை வீட்டுப் படிப்பு. பூட்டிய அறைகள் அவருக்குக் கதைக்காகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல.

சரி, இப்போது கவிதையின் முடிவு. அதுதான் கஷ்டமானது. ஏழு பாரோக்களோடு என்ன நடந்தது என்பதை நான் இங்கே விவரிக்கவில்லை, படித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவள் உயிரோடு இருக்கிறாள், இறந்தவர்கள் அவளைவிட்டு நீங்கிவிட்டார்கள். எங்கிருந்தோ வழி தவறி ஒரு விடியல் வெளிச்சம் உள்ளே வருகிறது. கையிலிருக்கும் பறவை நடுங்குகிறது, காலையின் பக்கம் திரும்புகிறது. அங்கே கடைசி வரியில்தான் தெரிகிறது: அதன் கண்கள் குத்தப்பட்டவை. தொடக்கத்தில் ‘குருட்டு வல்லூறு’ என்றதும் நாம் வேட்டைக்காரர்கள் போடும் மூடி என்று நினைத்திருப்போம், கழற்றினால் பார்க்கும் என்று. கழற்ற மூடியே இல்லை. ஆனாலும் அது திரும்புகிறது.

கவிதை அங்கே கேள்விக்குறியோடு நின்றுவிடுகிறது. அவர் அங்கே எழுதிய சொல் கண் அல்ல, கண்ணுக்குள் இருக்கும் கருமணி.

#22 சாரல்

‘பாவை’ என்று வைக்கலாமே. கருமணிக்குள் தெரியும் உருவத்துக்குத் தமிழில் அதுதானே பெயர். ‘கருமணியிற் பாவாய்நீ போதாய்’ என்று குறள் இருக்கிறது. பாவை என்றால் பெண்ணும்தான்.

#23 புதுவைக்காரி

சாரல், நீங்கள் சொன்ன பிறகு அரை மணி நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போனவள் ஒரு பாவை, பறவையின் கண்ணுக்குள் இருப்பதும் பாவை. பிரெஞ்சிலேயே இது இல்லை.

பிறகு எதனால் நடுங்குகிறது இந்தப் பறவை,
எதனால் காலையின் பக்கம் திருப்புகிறது
குத்துண்ட தன் பாவைகளை?

‘குத்துண்ட’ எனக்கு இன்னும் திருப்தியில்லை. கொஞ்சம் புலவர் வாடை அடிக்கிறது. இந்தக் கவிதையில் அப்படி ஒரு சொல்கூட இல்லை.

#24 மொன்றியல்வாசி

‘குத்திக் கெடுத்த’?

#25 கடலோரம்

‘குத்திய’ என்று மட்டும் விட்டுப் பாருங்கள், அக்கா. யார் குத்தியது என்று அவரும் சொல்லவில்லையே.